பொள்ளாச்சி – பழனி பஸ்

ஜி.டி. நாயுடு பற்றிய அந்த மெசேஜ் வருஷத்துக்கு ஒரு தடவையாவது எல்லா காலேஜ் வாட்ஸ்அப் குரூப்பிலும் சுத்தி வரும். இந்தியாவின் எடிசன், மூணாம் கிளாஸோடு படிப்பை விட்டவர், ஷேவிங் ரேசர் கண்டுபிடிச்சவர், ஓட்டு மிஷின் கண்டுபிடிச்சவர் என்று ஒரு நீளமான பட்டியல். படிச்சிட்டு ஒரு ஹார்ட் போட்டுட்டு அடுத்த மெசேஜுக்குப் போயிடுவோம். 2025 அக்டோபரில் கோவை அவிநாசி ரோட்டில், உப்பிலிபாளையத்திலிருந்து கோல்ட்வின்ஸ் வரை 10 கிலோமீட்டர் நீளத்துக்குப் போகிற மேம்பாலத்துக்கு அவர் பெயரை வைத்தபோது அதே மெசேஜ் மறுபடியும் வந்தது.

எனக்கு அந்தப் பட்டியல் மேல் பெரிய ஈர்ப்பு கிடையாது. அதில் இருக்கிற பொருள்கள் பெரும்பாலும் அவர் பணக்காரர் ஆன பிறகு செய்தவை. பட்டியலில் பொதுவாக ஒரே வரியில் கடந்து போகிற ஒரு விஷயம் இருக்கு. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவில் ஒரே ஒரு பஸ்ஸை அவரே ஓட்டினார் என்பது. அவரோட வாழ்க்கையைப் புரிஞ்சுக்க அந்த பஸ்தான் சரியான இடம் என்று நினைக்கிறேன். ஏன் என்று சொல்ல கொஞ்சம் பின்னாடி போகணும்.

கோபால்சாமி துரைசாமி நாயுடு பிறந்தது 1893 மார்ச் 23. கோயம்புத்தூர் பக்கம் சூலூருக்கு அருகில் கலங்கல் என்ற கிராமம். விவசாயக் குடும்பம். கைக்குழந்தையாக இருக்கும்போதே அம்மா இறந்துட்டாங்க. பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவே இல்லை. வாத்தியார் கண்ணில் மண்ணை வாரிப் போட்டுவிட்டு ஓடி வந்துவிட்டார் என்று அவரைப் பற்றி எழுதினவங்க எல்லாரும் சொல்றாங்க. மூணாம் வகுப்போடு சரி. ஆனால் படிக்கிறதை அவர் விடலை. கையில் கிடைத்த புத்தகங்களைத் தானாகவே படிச்சுக்கிட்டார். மெசேஜ்களில் இந்தப் பாதி எப்பவும் விட்டுப்போகும். மூணாம் கிளாஸோடு நின்றவர் என்றால் படிக்காதவர் என்று அர்த்தம் இல்லை.

அந்த ஊர்ப்பக்கம் வெள்ளைக்கார வருவாய் அதிகாரி ஒருத்தர் ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் வந்து போனார். மாடோ குதிரையோ இழுக்காமல் தானாகவே ஓடுகிற ஒரு வண்டியை துரைசாமி பார்த்தது அதுதான் முதல் தடவை. இன்னைக்கு நமக்கு அந்த அதிர்ச்சி புரியாது. அது எனக்கு வேணும் என்று முடிவு பண்ணினார். கலங்கலிலிருந்து கோயம்புத்தூருக்கு வந்து ஒரு ஓட்டலில் சர்வராகச் சேர்ந்தார். வருஷக்கணக்கில் சம்பளத்தைச் சேர்த்து வெச்சு, அந்த அதிகாரியிடமே போய் 300 ரூபாய்க்கு வண்டியை வாங்கினார். கிராமத்துப் பையன் ஒருத்தன் சர்வர் வேலை பார்த்து மோட்டார் சைக்கிள் வாங்குவது அந்தக் காலத்தில் எவ்வளவு பெரிய பைத்தியக்காரத்தனமாகப் பட்டிருக்கும் என்று யோசிச்சுப் பாருங்க. வாங்கினவர் ஊர் சுத்தக் கிளம்பலை. முதலில் வண்டியைப் பிரித்தார். திரும்ப மாட்டினார்.

இது கேட்க சுலபமாக இருக்கு. அந்தக் காலத்து மோட்டார் சைக்கிள் எப்படி இருந்தது என்று தெரிஞ்சால்தான் இதன் மதிப்பு தெரியும். ஒரே சிலிண்டர், காற்றினால் குளிரும் என்ஜின். சிலிண்டரைச் சுத்தி இரும்புத் தகடு தகடாக நீட்டிக்கொண்டிருக்கும் ஃபின் மட்டும்தான் கூலிங். வண்டி ஓடினால்தான் காத்து அடிக்கும், நின்றால் சூடு அப்படியே ஏறும். ஆயிலை ஓட்டுபவரே அப்பப்ப கையால் பம்ப் பண்ணி விடணும். மறந்தால் பிஸ்டன் சிலிண்டரைப் பிடிச்சுக்கும். ஸ்பார்க் எப்போ விழணும் என்பதையும் ஹேண்டில் பார் லீவரை வெச்சு ஓட்டுபவரேதான் முடிவு பண்ணணும். ஸ்பார்க் தாமதமாக விழுந்தால் பெட்ரோல் எரிகிற சூடு பிஸ்டனைத் தள்ள உதவாமல் சிலிண்டர் சுவருக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் போகும். கார்புரேட்டரில் பெட்ரோல் குறைவாகவும் காத்து அதிகமாகவும் கலந்தாலும் இதே கதைதான், என்ஜின் கொதிக்கும். இன்னைக்கு இ.சி.யூ. பார்த்துக்கிற எல்லா வேலையையும் அப்போ ஓட்டுபவர் கையும் காதும் பார்த்துக்கணும். அப்படி ஒரு வண்டியைப் பிரித்து மாட்டினவருக்கு, சூடு என்பது டயலில் தெரிகிற ஒரு எண்ணாக இருந்திருக்காது. அது எங்கே பிறக்குது, எந்த வழியாக வெளியே போகுது என்று கையாலேயே தெரிஞ்சிருக்கும்.

நடுவில் சில வருஷம் பருத்தி. திருப்பூரில் பஞ்சு அரைத்து வியாபாரம் பண்ணினார், முதல் உலகப்போர் நேரத்தில் நல்ல லாபம் பார்த்தார், இன்னும் பெரிதாகப் பண்ணலாம் என்று பம்பாய்க்குப் போனார், அங்கிருந்த பெரிய வியாபாரிகளிடம் தோற்று ஊர் திரும்பினார். இதை வேகமாகக் கடந்து போகலாம். திரும்பி வந்தவர் செய்த அடுத்த காரியம்தான் முக்கியம். கோவையின் பெரிய தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ் உதவியோடு ஒரு பஸ் வாங்கினார். 1920. ரூட் பொள்ளாச்சி – பழனி. டிரைவர் அவரேதான்.

இங்கேதான் நம்ம பாடம் வருது.

பொள்ளாச்சியிலிருந்து உடுமலைப்பேட்டை வழியாகப் பழனி சுமார் 60 கிலோமீட்டர். இன்னைக்கு ஒண்ணரை மணி நேரம்கூட ஆகாது. அன்னைக்கு தார் இல்லாத ரோடு, கட்டை மாதிரி சஸ்பென்ஷன், நிறைய சுமை, குறைந்த வேகம். என்ஜின் விஷயத்தில் இது எல்லாமே சூட்டைக் கூட்டுகிற பக்கம்தான். பெட்ரோலில் இருக்கிற சக்தியில் தோராயமாக மூணில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகும் என்று தெர்மல் பேப்பரில் எழுதுகிறோம் இல்லையா, அன்றைய என்ஜின்களில் அதுவும் கிடையாது. மிச்சம் புகையோடும் தண்ணீரோடும் வெளியே போகணும். தண்ணீரோடு போகிற பங்கு போகாவிட்டால் வண்டி ரோட்டோரம் நிற்கும்.

அந்தக் காலத்துப் பல வண்டிகளில் வாட்டர் பம்பே கிடையாது. சூடான தண்ணீர் லேசாக இருக்கும், மேலே ஏறும். ரேடியேட்டரில் ஆறினால் கனமாகிக் கீழே இறங்கும். இந்த வித்தியாசத்தை வெச்சே தண்ணீர் தானாகச் சுத்தும். தெர்மோசைஃபன் என்று நம்ம புத்தகத்தில் இரண்டு வரியில் வரும். அதில் ஒரு ஆபத்தான விஷயம் இருக்கு, புத்தகத்தில் வராது. என்ஜின் தலையிலிருந்து ரேடியேட்டருக்குப் போகிற மேல் ஹோஸ் அளவுக்குத் தண்ணீர் இருக்கிற வரைக்கும்தான் இந்தச் சுற்று நடக்கும். மட்டம் அதற்குக் கீழே இறங்கினால் சங்கிலி அறுந்துபோகும். ரேடியேட்டரில் முக்கால்வாசி தண்ணீர் இருக்கும், ஆனால் ஒரு துளிகூட நகராது. உள்ளே கொதிக்கும். மூடியில் பிரஷர் கிடையாது என்பதால் 100 டிகிரியிலேயே ஆவியாகி, மட்டம் இன்னும் இறங்கி, நிலைமை இன்னும் மோசமாகும். இன்றைய வண்டியில் மூடி சுமார் 1 பார் அழுத்தத்தைப் பிடிச்சு வைக்கும், அதனால் தண்ணீர் 120 டிகிரி பக்கம் போனால்தான் கொதிக்கும். சாதாரணமாகத் தெரிகிற அந்த மூடி ஒரு பெரிய பாதுகாப்பு. சூடான வண்டியில் அதைத் திறக்கக் கூடாது என்பதற்கும் காரணம் அதேதான்: திறந்த நொடியில் அழுத்தம் போயிடும், 110 டிகிரியில் அமைதியாக இருந்த தண்ணீர் ஒரே நேரத்தில் கொதித்து முகத்தில் அடிக்கும்.

ஒரு கட்டத்தில் பஸ் சூடானால் டிரைவருக்கு என்ன வழி? முதலில் நிழலில் நிறுத்தி ஆற விடணும். பொறுமையில்லாமல் கொதிக்கிற என்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊத்தினால் வார்ப்பிரும்பு பிளாக் விரிசல் விட்டுடும். அப்புறம் யோசிக்கணும். தண்ணீர் குறைஞ்சுதா, அல்லது இருந்தும் சுத்தலையா? சுத்தியும் காத்து படலையா? இல்ல, என்ஜினே தேவைக்கு மேல் சூட்டைக் கிளப்புதா? பெரும்பாலான ஓவர்ஹீட் கேஸ் இந்த நாலு கேள்விக்குள் அடங்கிடும். 1920-ல் ஓடிய பஸ்ஸுக்கும் இன்னைக்கு ஓடுகிற பி.எஸ்.6 வண்டிக்கும் இதே நாலுதான்.

எங்க ஊர் தாமல். சென்னை – பெங்களூரு ஹைவேயில் காஞ்சிபுரம் தாண்டி இருக்கு. மே மாசத்தில் ரோட்டோரம் கேபினைத் தூக்கிவிட்டு நிற்கிற லாரிகளைப் பார்க்கலாம், கிளீனர் கேன் எடுத்துக்கிட்டு தண்ணி தேடிப் போவார். கிடைக்கிறது பெரும்பாலும் போர் தண்ணி, இல்லாவிட்டால் ஏரித் தண்ணி. அன்னைக்கு வண்டி கிளம்பிடும். பிரச்சினை பின்னாடி வரும். உப்புத் தண்ணி கொதிக்கக் கொதிக்க அதில் இருக்கிற சுண்ணாம்பு உள்சுவரில் படியும். வார்ப்பிரும்பு சூட்டைக் கடத்துகிற திறன் மீட்டருக்கு 50 வாட் பக்கம், இந்தப் படிவத்துக்கு 2 வாட்தான் தேறும். அதாவது 1 மில்லிமீட்டர் உப்புப் படிந்தால், அந்த இடத்தில் 25 மில்லிமீட்டர் இரும்பை எக்ஸ்ட்ராவாக ஒட்டின மாதிரி. தண்ணீர் ஃபுல்லாக இருக்கும், பம்ப் ஓடும், ஃபேன் சுத்தும், என்ஜின் மட்டும் சூடாகும். இதைக் கண்டுபிடிக்காமல் கூலண்ட்டை மட்டும் மாத்திக்கிட்டே இருப்போம்.

இன்னொண்ணு, எந்த ஒர்க்‌ஷாப்பிலும் பார்க்கலாம்: வண்டி ஹீட் ஆகுது என்று போனால் தெர்மோஸ்டாட்டைக் கழட்டி வீசிடுவாங்க. அப்புறம் முள் கீழேயே நிற்கும், ஓனருக்கு சந்தோஷம். ஆனால் என்ஜின் 85 டிகிரி பக்கம் ஓட வேண்டியது எப்பவும் குளிர்ந்தே ஓடும், டீசல் கூடுதலாகக் குடிக்கும், சிலிண்டர் சீக்கிரம் தேயும். நோயைப் பார்க்காமல் தெர்மாமீட்டரை உடைக்கிற மாதிரி. சொல்லப்போனால் அந்த முள்ளையே முழுசாக நம்ப முடியாது. தண்ணீர் மொத்தமாக வெளியேறி சென்சார் வெறும் ஆவியில் நின்றால், என்ஜின் கருகிக்கொண்டிருக்கும்போது முள் கூலாக இருக்கிறதாகக் காட்டும்.

எப்படிக் கண்டுபிடிக்கிறது என்றால், வண்டி எப்போது சூடாகுது என்பதே பாதி பதிலைச் சொல்லிடும். சிக்னலில் நிற்கும்போது சூடாகி, ஓட ஆரம்பிச்சதும் இறங்கினால் ஃபேன் பக்கம் பாருங்க. பெல்ட் லூஸ், மோட்டார், ரிலே. ஊருக்குள் ஒழுங்காக இருந்து ஹைவேயில் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு அல்லது பம்ப். மேல் ஹோஸ் கை வைக்க முடியாத சூடு, கீழ் ஹோஸ் பச்சையாகவே இருந்தால் தண்ணீர் சுத்தலை என்று அர்த்தம், தெர்மோஸ்டாட் மூடினபடியே மாட்டியிருக்கலாம். ஆறின வண்டியில் மூடியைத் திறந்து ஸ்டார்ட் பண்ணும்போது ரேடியேட்டரில் விடாமல் குமிழ் வந்தால், சிலிண்டர் வாயு தண்ணீருக்குள் புகுந்திருக்கு. ஹெட் கேஸ்கெட் போச்சு. ஆயில் டிப்ஸ்டிக்கில் பால் டீ கலர் இருந்தால் சந்தேகமே வேண்டாம். பாருங்க, இதில் எதுக்கும் ஸ்கேனர் தேவைப்படலை. கை, கண், கொஞ்சம் யோசனை.

பொள்ளாச்சி ரூட்டில் நான் யோசிச்ச ஒரு விஷயம், இது என் கணக்குதான். தென்மேற்குப் பருவம் அடிக்கும்போது பாலக்காட்டு கணவாய் வழியாக மேற்கிலிருந்து பலமான காத்து வரும். உடுமலைப்பேட்டை பக்கம் அத்தனை காற்றாலை நிற்பது அதனால்தான். பழனி இருப்பது கிழக்கே. பஸ் 30 கிலோமீட்டர் வேகத்தில் போகுது, பின்னாலிருந்து 20 கிலோமீட்டர் வேகத்தில் காத்து அடிக்குது என்று வைங்க. ரேடியேட்டர் முகத்தில் படுகிற காத்து 10-தான். திரும்பி வரும்போது அதே பஸ்ஸுக்கு 50. போகும்போது கொதிக்கிற வண்டி வரும்போது ஒழுங்காக வரும். என்ஜினை மட்டும் பார்க்கிறவருக்கு இது மர்மமாகவே இருக்கும். தினமும் அதே ரோட்டில் தானே ஸ்டியரிங்கைப் பிடிக்கிறவருக்கு அப்படி இருக்காது. முதலாளியே டிரைவராக இருந்ததன் லாபம் சம்பளம் மிச்சம் என்பதோடு நிற்கலை என்று இதனால்தான் சொல்றேன்.

ஒரு பஸ் பல பஸ் ஆச்சு. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமாக யு.எம்.எஸ். நேரத்துக்கு வரும், நேரத்துக்குக் கிளம்பும் என்று அந்தப் பெயருக்கு ஒரு மரியாதை இருந்தது. அந்த நாளில் பஸ் என்றால் ஆள் நிறைஞ்சால் கிளம்பும், அவ்வளவுதான். இவர் பஸ் வந்துபோகும் நேரத்தைக் காட்டுகிற கருவி, டிக்கெட் கொடுக்கிற மிஷின் என்று ஒவ்வொண்ணாகக் கொண்டுவந்தார். இதெல்லாம் நிர்வாகத் திறமை என்று எழுதுவாங்க. எனக்கு இது மெயின்டனன்ஸ் கதையாகத்தான் தெரியுது. வழியில் நிற்கிற பஸ்ஸை வெச்சு யாரும் டைம் டேபிள் போட முடியாது. போர்டில் மணியை எழுதி மாட்டுவதற்கு முன்னாடி, எந்த என்ஜின் எப்போ மக்கர் பண்ணும் என்று பட்டறையில் தெரிஞ்சிருக்கணும்.

அவர் செய்த கருவிகளில் எனக்குப் பிடிச்சது ரேசர் இல்லை, என்ஜினின் அதிர்வைச் சோதிக்கும் கருவி. இன்னைக்கு பெரிய கம்பெனிகளில் சென்சார் ஒட்டி, டேட்டா எடுத்து, பிரிடிக்டிவ் மெயின்டனன்ஸ் என்று பிளேஸ்மென்ட் டாக்கில் சொல்றாங்களே, அதன் அடிப்படை யோசனை இதுதான். நல்ல என்ஜினுக்கு ஒரு துடிப்பு இருக்கும், கெட்டுப்போக ஆரம்பிச்ச என்ஜினுக்கு வேறு துடிப்பு. நின்ற பிறகு பிரிப்பதைவிட, நிற்பதற்கு முன்னாடி கேட்கலாம். நூற்றுக்கணக்கான பேர் தினமும் ஏறுகிற பஸ்களை வெச்சிருந்தவருக்கு இந்த ஆசை வந்ததில் ஆச்சரியம் இல்லை.

பஸ்ஸைச் சுத்தி தொழிற்சாலைகளும் முளைத்தன. டீசல் பொருள்கள், ஆர்மேச்சர் வைண்டிங், கடிகாரம், ரேடியோ. அந்த வரிசையில் யுனிவர்சல் ரேடியேட்டர்ஸ் என்றும் ஒண்ணு உண்டு. ரேடியேட்டர் என்பது அப்போ செம்பு, பித்தளைக் குழாய்களையும் தகடுகளையும் ஈயத்தால் பற்ற வைத்துச் செய்கிற பொருள். ஓட்டை விழுந்தால் மறுபடி பற்ற வைக்கலாம், அடைத்தால் மேல் தொட்டியைக் கழட்டி ஒவ்வொரு குழாயிலும் கம்பி விட்டு எடுக்கலாம். இப்போ வருகிற அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த ரேடியேட்டர் லேசு, விலையும் குறைவு, ஆனால் போனால் போனதுதான். ரோட்டோரம் வண்டி கொதித்து நின்ற ஒரு தொழிலில் இருந்தவர் ரேடியேட்டர் தயாரிக்கிற இடம் வரைக்கும் போனார் என்பது மேலே சொன்ன மெசேஜ் எதிலும் வராது.

1937-ல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து பீளமேட்டில் இந்தியாவின் முதல் எலெக்ட்ரிக் மோட்டாரைச் செய்தார். கோவையின் மோட்டார், பம்ப் தொழில் எல்லாம் வளர்ந்தது அதுக்குப் பின்னாடிதான். ஐரோப்பா, அமெரிக்கா என்று சுத்தினார். கேமரா பைத்தியம் வேறு. 1936-ல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைப் படம் பிடித்தார். பேட்டரியில் ஓடுகிற சின்ன மோட்டாரை வெச்சு ரசாண்ட் என்ற ரேசரைக் கொண்டுவந்தார். 1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்கு இங்கேயே செய்து தர முடியும் என்று அறிவித்தார். இவை ஒவ்வொண்ணுக்கும் தனிக் கட்டுரை எழுதலாம், நான் எழுதப் போவதில்லை.

1945-க்கு வருவோம், நம்ம எல்லாருக்கும் சம்பந்தம் இருக்கிற வருஷம். அப்போ மெட்ராஸ் கவர்னராக இருந்தவர் ஆர்தர் ஹோப். அவர் பெயரிலேயே கோவையில் ஒரு பாலிடெக்னிக்கும் ஒரு இன்ஜினியரிங் காலேஜும் தொடங்கப்பட்டன. பின்னால் நின்றவர் நாயுடு. அந்தக் காலேஜ்தான் இன்றைய ஜி.சி.டி., கவர்ன்மென்ட் காலேஜ் ஆஃப் டெக்னாலஜி. மூணாம் வகுப்பைத் தாண்டாதவர் அதன் பிரின்சிபால் நாற்காலியில் உட்கார்ந்தார். கவுன்சிலிங்கில் ஜி.சி.டி. கிடைக்காதா என்று ஏங்கினவங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ரொம்ப நாள் உட்காரலை. இன்ஜினியரிங் படிப்புக்கு நாலு வருஷம் தேவையில்லை, இரண்டு வருஷம் போதும், மிச்சம் வீண் என்பது அவர் கருத்து. அரசாங்கம் ஒத்துக்கலை. அவர் பொறுப்பை விட்டு விலகினார். அப்புறமும் குறுகிய காலப் பயிற்சிகள் மேல்தான் அவருக்கு நம்பிக்கை இருந்தது.

எட்டாவது செமஸ்டரில் உட்கார்ந்து இதைப் படிக்கும்போது என்ன தோணும்? முதலில் கை தட்டத்தான் தோணும். நாலு வருஷத்தில் தெர்மோடைனமிக்ஸ், ஹீட் டிரான்ஸ்ஃபர், ஆட்டோமொபைல் மூணு பேப்பரும் எழுதியிருக்கிறோம். எல்.எம்.டி.டி. வெச்சு ரேடியேட்டர் சைஸ் கண்டுபிடிக்கச் சொன்னால் சூத்திரத்தில் போட்டு விடை எடுத்திடுவோம். காலேஜ் பஸ் கொதித்து நின்றால் இறங்கி போனில் ரீல்ஸ் பார்ப்போம், டிரைவர் அண்ணாதான் பானெட்டைத் திறப்பார். மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் தொட்டுப் பார்க்கத் தோணுகிறவங்க கிளாஸில் இரண்டு பேர் இருந்தால் அதிகம். நாயுடு கோபப்பட்டது இந்த மாதிரி படிப்பு மேல் என்றால், அவர் பக்கம் நியாயம் இருக்கு.

ஆனால் முழுசாக அவர் பக்கம் போக எனக்கு மனசு வரலை. அவருக்கு இரண்டு வருஷம் போதும். காரணம் சர்வர் வேலை பார்த்த வருஷங்களும், ரட்ஜைப் பிரித்த நாள்களும், பொள்ளாச்சி ரோடும் அவருக்கு ஏற்கனவே பாடம் நடத்தியிருந்தன. அதை எல்லாம் கணக்கில் சேர்த்தால் அவர் கோர்ஸ் நாலு வருஷத்தைவிட ரொம்ப நீளம். அதோட, ஹோஸைத் தொட்டுப் பார்ப்பதால் தண்ணீர் சுத்தலை என்று தெரியும். 1 மில்லிமீட்டர் உப்பு 25 மில்லிமீட்டர் இரும்புக்குச் சமம் என்று தெரியாது. அதுக்கு கண்டக்டிவிட்டி படிச்சிருக்கணும். கொதிக்கிற வண்டியைச் சரிபண்ண மெக்கானிக் போதும், அடுத்த வண்டி கொதிக்காமல் டிசைன் பண்ண அந்த போரான பேப்பரும் வேணும். அந்த பேப்பரை ஒரு தடவைகூட என்ஜின் பக்கத்தில் நின்று நடத்த மாட்டேங்கிறாங்க என்பதுதான் என் புகார். வருஷக்கணக்கு இரண்டாவது விஷயம். 1945-ல் அரசாங்கமும் நாயுடுவும் எத்தனை வருஷம் என்பதில் மோதிக்கிட்டாங்க. எங்கே நின்று சொல்லிக்கொடுப்பது என்பதில் மோதியிருந்தால் இன்னைக்கு நம்ம லேப் வேறு மாதிரி இருந்திருக்குமோ என்று தோணுது.

அதுக்கு அப்புறம் வந்த ஏமாற்றங்களில் பெரியது கார். 1952-ல் இரண்டு பேர் உட்காருகிற பெட்ரோல் கார் ஒண்ணை 2,000 ரூபாய் விலையில் கொண்டுவந்தார். மக்கள் வாங்கக்கூடிய விலையில் காரைச் செய்வதற்கு இங்கே ஒருத்தர் தயாராக இருந்தார். லைசென்ஸ் கிடைக்கலை. தயாரிப்பு நின்றது. அந்தக் கார் தமிழ்நாட்டு மே மாசத்தில் எவ்வளவு தூரம் கொதிக்காமல் ஓடியிருக்கும், மலை ஏறியிருக்குமா என்றெல்லாம் ரோட்டில் சோதிச்சுப் பார்க்கிற வாய்ப்பே யாருக்கும் கிடைக்காமல் போச்சு. இந்த ஒரு விஷயத்தில் அவருக்காக எனக்கு நிஜமாகவே வருத்தம். தப்பு இருந்தால் பிரித்துச் சரிபண்ணியிருப்பார். ஃபைலைப் பிரித்து மாட்ட அவருக்கு எந்த ஸ்பேனரும் கிடைக்கலை.

1974 ஜனவரி 4-ம் தேதி இறந்தார். 80 வயசு. கோவை அவிநாசி ரோட்டில் அவர் பெயரில் மியூசியம் இருக்கு, பழைய கார்களுக்குத் தனி மியூசியமும் இருக்கு. ஐ.வி.க்கு கோவை போகிறவங்க ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. கார்களோட பெயிண்ட்டுக்கு முன்னாடி நின்று செல்ஃபி எடுத்த பிறகு, கொஞ்சம் குனிந்து ஒவ்வொண்ணோட ரேடியேட்டரையும் பாருங்க. முன்னாடி எதுவுமே இல்லாமல் பளிச்சென்று நிற்பவை பழசு. கிரில்லுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருப்பவை பிறகு வந்தவை. ஜி.சி.டி. தடாகம் ரோட்டில் இருக்கு, நேரம் இருந்தால் அங்கேயும் போய் வரலாம். பி.இ. அங்கேயும் எட்டு செமஸ்டர்தான்.